ஃபோல்டரோடு ஒட்டிக்கொண்டு வந்த டொட் எஸ்விஎன், டொட் கிட்

எங்கள் டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதல் நாளே சொல்வது, விண்டோஸில் ஹிடன் ஃபைல்களைக் காட்டும்படி மாற்றி வையுங்கள் என்றுதான். ஏன் என்று அப்போது விளங்காது. ஒரு புரொஜெக்டில் இருக்கும் ஃபோல்டரை இன்னொன்றுக்குள் கொப்பி பண்ணிப் போட்ட அன்றைக்கு விளங்கும்.

கொழும்பு கோட்டைப் பக்கம் நான் முன்பு வேலை செய்த ஒரு கொம்பனியில் எல்லாம் சப்வேர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன், கோடில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்), கோட் எழுத எக்லிப்ஸ், எஸ்விஎன்னை ரைட் கிளிக்கில் இயக்க டோர்ட்டஸ் எஸ்விஎன். எஸ்விஎன் 1.6 வரைக்கும் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் டொட் எஸ்விஎன் என்று ஒரு ஹிடன் ஃபோல்டர் இருக்கும், எந்த ரிப்போசிட்டரியிலிருந்து (கோடும் அதன் ஹிஸ்டரியும் சேமித்திருக்கும் களஞ்சியம்) வந்தது என்பது அதில் எழுதியிருக்கும். அதாவது ஒவ்வொரு ஃபோல்டரும் தன் பழைய வீட்டு விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்த காலம். ஒரு தங்கச்சி, ஒரு வாடிக்கையாளரின் இன்வொய்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் எக்ஸ்புளோரரால் அப்படியே தூக்கி அடுத்த வாடிக்கையாளரின் புரொஜெக்டில் வைத்து, லோகோவை மாற்றி, அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் பண்ணி கொமிட்டும் (மாற்றங்களை ரிப்போசிட்டரியில் பதிவது) கொடுத்துவிட்டார். பச்சை டிக் வந்தது, எந்த எரரும் இல்லை. ஆனால் கொமிட் போனது பழைய ரிப்போசிட்டரிக்கு. புது புரொஜெக்டின் பில்ட் கிளாஸைக் காணவில்லை என்று விழுகிறது, பழையவரின் டெஸ்ட் சேர்வரில் இன்வொய்ஸ் அடுத்தவருடைய லோகோவோடு வருகிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் கோல். இதில் எனக்குக் கடுப்பு என்னவென்றால், டோர்ட்டஸின் கொமிட் விண்டோவில் ஆக மேலே, இது எந்த விலாசத்துக்குப் போகிறது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். அந்த வரியை வாசித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

திருத்தியது இப்படி: பழைய ரிப்போசிட்டரியில் அந்த ரிவிஷனை, அதாவது அந்தக் கொமிட்டை, ரிவர்ஸ் மேர்ஜ் பண்ணிக் கழற்றினோம். புது இடத்தில் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு, எஸ்விஎன் எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்த, டொட் எஸ்விஎன் இல்லாத சுத்தமான பிரதியைப் போட்டு ஆட் பண்ணினோம். இரண்டு புரொஜெக்டும் ஒரே ரிப்போசிட்டரியில் இருந்திருந்தால் எஸ்விஎன் கொப்பி போதும், ஹிஸ்டரியும் கூடவே வரும். வேறு வேறு ரிப்போசிட்டரி என்றால் அது சரிவராது. 2011 ஒக்டோபரில் வந்த 1.7 இந்தத் தலையிடியைப் பெரும்பாலும் தீர்த்தது. அதற்குப் பிறகு புரொஜெக்டின் உச்சியில் மட்டும்தான் ஒரு டொட் எஸ்விஎன்.

அப்புறம் அதே வேலைக்கு கிட் வந்தது, இது வேறு மாதிரி: புரொஜெக்டின் உச்சியில் இருக்கும் டொட் கிட் ஃபோல்டருக்குள்ளேயே முழு ரிப்போசிட்டரியும் இருக்கும். தெஹிவளையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு தம்பி, க்ளோன் பண்ணிய (ரிப்போசிட்டரியோடு முழுப் பிரதி எடுத்த) லைப்ரரி ஒன்றை அதன் டொட் கிட்டோடு சேர்த்து எங்கள் புரொஜெக்டுக்குள் போட்டுவிட்டார். உள்ளே இன்னொரு ரிப்போசிட்டரி இருக்கிறது என்று கிட் எச்சரிக்கத்தான் செய்தது, ஆனால் எச்சரித்துவிட்டுத் தன் பாட்டில் ஆட் பண்ணிவிட்டது. "அண்ணா, நான் எல்லாத்தையும் புஷ் பண்ணிட்டன், சேர்வர்லதான் ஏதோ பிழை." சேர்வரில் ஒரு பிழையும் இல்லை. மற்றவர்கள் க்ளோன் பண்ணினால் அந்த ஃபோல்டர் வெறுமையாக வருகிறது, ஏனென்றால் கிட் உள்ளே இருந்த ஃபைல்களை எடுக்கவே இல்லை, உள் ரிப்போசிட்டரியின் ஒரு கொமிட் இலக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டது. சப்மொடியூல் (ஒரு ரிப்போசிட்டரிக்குள் முறைப்படி சேர்க்கும் இன்னொரு ரிப்போசிட்டரி) அப்டேட் கொடுத்துப் பார்த்தார்கள், அவற்றின் பட்டியலான டொட் கிட்மொடியூல்ஸில் அப்படி ஒன்றும் பதியவில்லை என்று அது திருப்பிவிட்டது. கிட் ஆர்எம்மை கேஷ்ட் ஒப்ஷனோடு கொடுத்து இன்டெக்ஸில் (அடுத்த கொமிட்டுக்குப் போகவிருப்பவற்றின் பட்டியல்) இருந்து எடுத்து, உள்ளே இருக்கும் டொட் கிட்டை அழித்து, திரும்ப ஆட் பண்ண வேண்டும். அழிக்க முதல் அதற்குள் புஷ் பண்ணாத கொமிட் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள், போனால் போனதுதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரிவது சரியாகக் கொப்பி பண்ணினாலும் வருகிற ஒன்று. எங்களிடம் வரி கணக்கிடும் ஒரு ஃபோல்டர் இருந்தது, நல்லாய் எழுதியது என்பதால் ஆளுக்காள் தங்கள் புரொஜெக்டுக்குக் கொண்டுபோனார்கள், டொட் கிட் இல்லாமல், சுத்தமாகத்தான். இலங்கையில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 8 வீதத்தில் இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, பிறகு 2024 ஜனவரியில் 18. ஒவ்வொரு தடவையும் எந்தெந்தப் புரொஜெக்டில் இந்தப் பிரதி கிடக்கிறது என்று தேடித் தேடி மாற்ற வேண்டி வந்தது. சில பிரதிகளில் ரவுண்டிங்கை யாரோ மாற்றியிருந்தார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க கோடின் எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேமைப் பார்த்தால், எல்லா வரியிலும் கொப்பி பண்ணியவரின் பெயர்தான் நிற்கிறது. அவர் அதில் ஒரு வரியும் எழுதியவர் இல்லை, பாவம்.

ஹிஸ்டரி தேவை என்றால் கிட் ஃபில்டர் ரிப்போ என்ற கருவியால் அந்த ஃபோல்டரை மட்டும் அதன் கொமிட்டுகளோடு பிரித்தெடுத்து மற்ற ரிப்போசிட்டரியில் மேர்ஜ் பண்ணலாம். புதிதாக ஒரு க்ளோன் எடுத்து அதில் செய்யுங்கள். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் க்ளோனில் கொடுத்தால் அதுவே மாட்டேன் என்று நிற்கும், அதற்காக ஃபோர்ஸ் போடவேண்டாம். நாங்கள் கடைசியில் வரி ஃபோல்டரைத் தனி ரிப்போசிட்டரியாக்கி, பேக்கேஜாக எல்லாரும் இழுக்கும்படி செய்துவிட்டோம். முதலே செய்திருக்க வேண்டிய வேலை என்று மெனேஜருக்கும் தெரியும், டெட்லைனுக்கும் தெரியும்.

சின்னதாக இன்னொன்று: ஃபோல்டர் வரும், புரொஜெக்டின் உச்சியில் இருக்கும் டொட் கிட்இக்னோர் (கிட் கவனிக்கக்கூடாத ஃபைல்களின் பட்டியல்) வராது. அங்கே இக்னோர் ஆகிக் கிடந்த பாஸ்வேர்ட் ஃபைல் இங்கே சத்தமில்லாமல் கொமிட்டுக்குள் ஏறிவிடும், ஆகவே புஷ்ஷுக்கு முதல் ஸ்டேட்டஸைப் பாருங்கள். உள்ளே ரிப்போசிட்டரி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகம் என்றால், கிட் எல்எஸ்ஃபைல்ஸை எஸ் ஒப்ஷனோடு ஓடவிட்டு 160000 (உள் ரிப்போசிட்டரிக்கு கிட் போடும் குறி) என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்து, அது நீங்கள் தெரிந்தே சேர்த்த சப்மொடியூல் இல்லை என்றால், அந்தத் தம்பியின் கேஸ்தான்.