பீவர் தோல்: முரட்டு முடியைப் பிடுங்கினால் பஞ்சும் சேர்ந்து வருகிறது

வணக்கம். கனடா, ஒன்டாரியோவில் சட்பரி பக்கம் இருக்கிறேன். குளிர்காலத்தில் பிடித்த பீவரின் (ஆற்றில் அணை கட்டி வாழும் கொறிக்கும் விலங்கு) தோல் ஒன்று கைவசம் உள்ளது, படிகாரத்தில் பதனிட்டது. தொப்பிக்கு ஓரம் தைக்க வேண்டும். அதற்கு நீளமான முரட்டு மேல்முடியை மட்டும் பிடுங்கி, அடியிலிருக்கும் பஞ்சு முடியை விட்டுவைக்க வேண்டும்.

மூன்று வாரமாகியும் உள்ளங்கை அளவுதான் முடிந்திருக்கிறது. மழுங்கிய கத்திக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்தேன். வழுக்காமலிருக்க விரலுக்கு ரப்பர் உறையும் போட்டேன். வயிற்றுப் பக்கம் பரவாயில்லை. முதுகில் பாதி முடி நடுவிலேயே அறுந்துவிடுகிறது, மீதி பஞ்சையும் கொத்தாகப் பிய்த்துக்கொண்டு வருகிறது. உட்புறத்தில் ஈரத்துணி போட்டு ஓர் இரவு வைத்தேன். முடி இளகவில்லை, காய்ந்ததும் தோல்தான் விறைத்துப்போனது. புருவம் திருத்தும் சாமணத்தையும் எடுத்தேன், அந்தக் கதை வேண்டாம்.

முரட்டு முடியின் வேர் பஞ்சு முடியைவிட ஆழத்தில் இருக்கிறது. முன்பு இங்குள்ள பூர்வகுடிகள் உட்புறத்தைச் சுரண்டி மேலங்கியாக உடுத்திய தோல்களில் இந்த முடி தானாகவே உதிர்ந்துவிடும். ஐரோப்பியத் தொப்பிக்காரர்கள் அவற்றைத்தான் தேடி வாங்கினார்கள். அதனால் நானும் உட்புறத்தைச் சீவலாமென்று இருக்கிறேன்.

பதனிட்டு முடிந்த தோலில், பஞ்சு உதிராமல் முரட்டு வேர் மட்டும் அறுபட, முதுகுப் பக்கத்தை எவ்வளவு மெல்லியதாகச் சீவலாம்?