செவ்வகத்தின் மூலைவிட்டம் 17: இருபடிச் சமன்பாட்டில் எங்கே தப்பு?

கேள்வி:
பத்தாம் வகுப்புக் கணக்கு. செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 7 செ.மீ. அதிகம், மூலைவிட்டம் 17 செ.மீ. பக்கங்கள் எவ்வளவு? அகலத்தை அ என்று வைத்து, பிதாகரஸ் தேற்றப்படி அ² + அ² + 49 = 289 என்று எழுதினேன். அ² = 120, அ = 10.95 வருகிறது. புத்தக விடை 8, 15. நண்பனுக்கு அ² + 7அ − 120 = 0 என்று வந்தது. ஆனால் மெய் மூலம் உண்டா என்று காட்டும் தன்மைகாட்டி (b² − 4ac) −431 என்பதால் மெய் மூலமே இல்லை என்கிறான். யார் எங்கே தவறினோம்?

பதில் 1:
உங்கள் தவறு (அ + 7)² விரிவில். அது அ² + 14அ + 49. நடுவில் வரும் 14அ விடுபட்டிருக்கிறது. சேர்த்தால் 2அ² + 14அ − 240 = 0. இரண்டால் வகுத்தால் நண்பனின் சமன்பாடேதான்.

10.95 வந்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்படியானால் நீளம் 17.95. மூலைவிட்டம் கர்ணம் அல்லவா, அதைவிடப் பக்கம் பெரிதாக இருக்கவே முடியாது. படம் வரைந்து எண்களைக் குறித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

நண்பன் தவறியது குறியில். 7² − 4 × 1 × (−120) என்பது 49 + 480 = 529. −120ஐ அடைப்புக்குள் போடாமல் எழுதினால் 49 − 480 ஆகிவிடும். 529இன் வர்க்கமூலம் 23. அ = (−7 ± 23)/2, அதாவது 8 அல்லது −15. முழுத் தொகுதியையும் 2ஆல் வகுக்க வேண்டும், 23ஐ மட்டும் வகுத்தால் மறுபடி தப்பு.

பதில் 2:
காரணிப்படுத்தல் இன்னும் சுருக்கம். பெருக்கல் −120, கூட்டல் +7. பெருக்கல் குறை எண் என்பதால் இரு எண்களின் வித்தியாசம் 7 ஆக வேண்டும். 1 × 120இல் தொடங்காதீர்கள், நடுவிலிருந்து போங்கள்: 10 × 12 வித்தியாசம் 2, அடுத்த 8 × 15 வித்தியாசம் 7. முடிந்தது. (அ + 15)(அ − 8) = 0.

−15 ஐ "நீளம் குறை எண்ணாகாது" என்று ஒரு வரி எழுதி விலக்குங்கள். காரணம் எழுதாமல் அடித்துவிடாதீர்கள். அ = −15 என்றால் அ + 7 = −8. வர்க்கப்படுத்தினால் குறி மறைந்துவிடும், ஆகவே அதே செவ்வகம்தான் குறை எண்களில் திரும்ப வந்திருக்கிறது.

பதில் 3:
அந்த 23 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் அது. அ² + 7அ = 120ஐ 4ஆல் பெருக்கி 49ஐக் கூட்டினால் (2அ + 7)² = 529. 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கரர் தம் பீஜகணிதம் என்ற நூலில், தமக்கு முந்தைய கணித அறிஞர் ஸ்ரீதரர் பெயரால் எடுத்தாளும் விதி இதுதான். நடுவில் பின்னமே வராது. 2அ + 7 என்பது அ + (அ + 7), அதாவது நீளமும் அகலமும் சேர்ந்த கூட்டல். 120 என்பது அ(அ + 7), செவ்வகத்தின் பரப்பு.

ஆகவே சமன்பாடே இல்லாமலும் போகலாம். மூலைவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள்: 289 − 49 = 240, இது பரப்பின் இருமடங்கு. 289 + 240 = 529, இது கூட்டலின் வர்க்கம், ஆகவே கூட்டல் 23. கூட்டல் 23, வித்தியாசம் 7 என்றால் 15, 8. தேர்வில் இருபடிச் சமன்பாடு கேட்டிருந்தால் அதையே எழுதுங்கள், இதை விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூலைவிட்டம் 25, வித்தியாசம் 17 என்று போட்டுப் பார்த்தேன். 625 − 289 = 336, 625 + 336 = 961, கூட்டல் 31. பக்கங்கள் 24, 7. சரியாக வருகிறது, நன்றி.