பைலோரி மரம் நட்சத்திரம் மாதிரி விரிகிறது; இதில் இடப்பெயர்வை எப்படிப் படிப்பது?

இரைப்பைவாசி (கேள்வி)

இரைப்பை பயாப்சியிலிருந்து வளர்த்த 40 ஹெலிகோபாக்டர் பைலோரி (மனித இரைப்பையில் வாழும் பாக்டீரியா) மாதிரிகள். வழக்கமான ஏழு அடிப்படை மரபணுத் துண்டுகளை (ஏடிபிஏ, ஈஎஃப்பி, பிபிஏ வகையறா) சாங்கர் முறையில் படித்து, வரிசையாக ஒட்டி, நெய்பர் ஜாயினிங் முறையில் வம்சாவளி மரம் வரைந்தேன். கிளையே பிரியவில்லை, எல்லாம் நடுவிலிருந்து தனித்தனியாக விரிகிறது. ஊர்வாரியாகப் பார்த்தாலும் தாய்மொழிவாரியாகப் பார்த்தாலும் எதுவும் ஒன்றுசேரவில்லை. பாதிக்கு மேல் "எச்பி-யூரோப்" (பைலோரியின் ஐரோப்பிய வகை) என்று வேறு வருகிறது. மாதிரி கொடுத்தவர்களில் ஐரோப்பியர் ஒருவர்கூடக் கிடையாது! வேலையில் தப்பா, இல்லை கிருமியே இப்படித்தானா? இதை வைத்தா, கிருமி மனிதரோடு ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி 58,000 ஆண்டு என்ற கணக்கெல்லாம் சொல்கிறார்கள்?

துண்டுமாற்றி

வேலையில் தப்பில்லை, மரம்தான் தப்பான கருவி. ஒரே வயிற்றில் இரண்டு ரகம் குடியிருந்தால் இந்தக் கிருமி டிஎன்ஏவைத் துண்டு துண்டாகக் கைமாற்றிக்கொள்ளும். ஒரே நோயாளியிடம் கால இடைவெளி விட்டு எடுத்த மாதிரிகளை ஒப்பிட்ட 2001 ஆய்வில், அப்படி மாறும் துண்டின் சராசரி நீளம் 417 டிஎன்ஏ எழுத்து. உங்கள் ஏழு துண்டும் சேர்ந்தே 3,400 சொச்சம்தான். ஆக ஒரு தடவை மாறினால் ஒரு மரபணுத் துண்டு கிட்டத்தட்ட முழுசாகவே வேறு வம்சத்துடையதாகிவிடும். ஏடிபிஏ ஒரு பாட்டனைக் காட்டும், பிபிஏ இன்னொரு பாட்டனைக் காட்டும். இரண்டையும் ஒட்டி ஒரே மரத்தில் ஏற்றினால் சராசரியாகி, நட்சத்திரம்தான் மிஞ்சும்.

2003இல் 27 மக்கள்குழுக்களின் 370 மாதிரிகளை வைத்துச் செய்தவர்கள் ஸ்ட்ரக்சர் மென்பொருளுக்குப் போனது இதனால்தான். ஒவ்வொரு மாதிரியிலும் எந்த மூதாதைக் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்கும். மாறுபடும் இடங்களை மட்டும் எடுங்கள். அதிலுள்ள லிங்கேஜ் மாடலைப் போடுங்கள், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் சேர்ந்தே வந்தவை. கே மதிப்பை (எத்தனை மூதாதைக் கூட்டம் என்ற எண்) 2இலிருந்து 10வரை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு ஓட்டம் ஓட்டுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் விடை ஆடினால் அந்தக் கே மதிப்பை நம்பாதீர்கள்.

உங்கள் 40ஐ மட்டும் போட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. பப்எம்எல்எஸ்டி என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து ஆப்பிரிக்கா, கிழக்காசியா, ஆசியா2 (தெற்காசியப் பக்கத்து வகை), ஐரோப்பா மாதிரிகளை ஓரளவு சம எண்ணிக்கையில் சேருங்கள். ஐரோப்பா 300, ஆப்பிரிக்கா 10 என்று கொட்டினால் நிரல் ஐரோப்பாவை நாலாக உடைத்துவிட்டு மற்றதையெல்லாம் ஒன்றாக்கிவிடும்.

பனிவயிறு

எச்பி-யூரோப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்றைக்கு அது எங்கே அதிகம் என்பதை வைத்து இட்ட பெயர் அது, பிறந்த ஊர் இல்லை. அந்த வகையே ஒரு கலப்பு: ஆசியப் பக்கத்து மூதாதைக் கூட்டம் ஒன்று, வடகிழக்கு ஆப்பிரிக்கப் பக்கத்துக் கூட்டம் ஒன்று. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த 5,300 ஆண்டு பழைய ஓட்சி என்ற மனிதரின் உடலில், வயிற்றுக்குள்ளிருந்து எடுத்த பைலோரி மரபணுத்தொகுதி 2016இல் வெளிவந்தது. அது ஏறக்குறைய கலப்பே இல்லாத ஆசிய வகை. இன்றைய மாதிரிகளில் அதற்கு நெருக்கமானவை இந்தியாவில் கிடைத்தவை! ஆப்பிரிக்கப் பங்கு ஐரோப்பாவில் பரவியது பெரும்பாலும் அவர் காலத்துக்குப் பிறகு என்று ஆய்வாளர்கள் அதிலிருந்து முடிவுகட்டினார்கள். ஒரே ஒரு வயிறுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று: இந்தக் கிருமி காட்டுவது ரத்த உறவை இல்லை, யார் யாரோடு ஒரே வீட்டில் புழங்கினார்கள் என்பதை. பெரும்பாலும் சிறு வயதில், குடும்பத்துக்குள்தான் தொற்றும். அதனால்தான் லடாக்கில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் பௌத்தரையும் முஸ்லிம்களையும் மனித டிஎன்ஏவைவிட இது தெளிவாகப் பிரித்துக் காட்டியது. மலேசியாவில் விஷயம் தலைகீழ். அங்கே சீனரிடம் கிழக்காசிய வகை. இந்தியரிடம் (பெரும்பாலும் தமிழர்கள்) ஆசியா2இன் இந்தியக் கிளை. மலாய்க்காரர்களிடமும் பெரும்பாலும் அதே இந்தியக் கிளை. மலாய்க்காரர்களுக்கு இந்தக் கிருமி சமீப காலத்தில் மற்றவர்களிடமிருந்து ஒட்டியது என்பதுதான் அதற்குச் சொன்ன விளக்கம். உங்கள் மாதிரிகளுக்குத் தற்போதைய முகவரி மட்டும் இருந்தால் போதாது. தாய், தாய்வழிப் பாட்டி பிறந்த ஊர் வேண்டும்.

மெதுகடிகாரம்

58,000 பற்றி. 2007 ஆய்வில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் கூடக்கூடக் கிருமியின் மரபுப் பன்மை குறைந்துகொண்டே போனது, மனித டிஎன்ஏவில் போலவே. அந்தச் சரிவை உருவகக் கணிப்பில் ஓட்டி எடுத்த எண் அது. 40 மாதிரியில் சடுதிமாற்றங்களை எண்ணி ஆண்டு சொல்லப் போகாதீர்கள். ஒரே ஆளின் வயிற்றில் அளக்கிற சடுதிமாற்ற வேகம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிலைத்து நிற்கிற வேகத்தைவிடப் பல மடங்கு அதிகம். கெடுதலான மாற்றங்கள் நாளாவட்டத்தில் கழிந்துவிடும், குறுகிய காலத்தில் அளந்தால் அவையும் கணக்கில் வரும்.

காசநோய்க் கிருமியில் இந்தச் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். 2013இல் 259 மரபணுத்தொகுதிகளை மனித மைட்டோகாண்ட்ரியா (தாய்வழி டிஎன்ஏ) கிளைகளோடு பொருத்திப் பார்த்து அதன் வயது 70,000 ஆண்டு என்றார்கள். மறு வருஷமே பெருவில் கிடைத்த சுமார் 1,000 ஆண்டு பழைய எலும்புக்கூடுகளின் கிருமியை அளவுகோலாக வைத்தபோது 6,000க்கும் கீழே இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு அந்தப் பெருக் கிருமிக்கு நெருங்கிய உறவு சீல்களிடம் இருந்தது.

இரைப்பைவாசி

நன்றி. லிங்கேஜ் மாடல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதிரிகளில் குரோமட்டோகிராமில் (சாங்கர் வாசிப்பின் வரைபடம்) சில இடங்களில் இரட்டைச் சிகரம் வருகிறது. அந்த இடங்களில் மட்டும் "என்" (எழுத்து தெரியாது என்ற குறி) போட்டு விட்டால் போதுமா?

துண்டுமாற்றி

போதாது. தட்டிலிருந்து மொத்தமாக வழித்து டிஎன்ஏ எடுத்திருப்பீர்கள். ஒரே வயிற்றில் இரண்டு ரகம் இருந்தால் இப்படித்தான் வரும். "என்" போட்டாலும் மிச்ச எழுத்துகள் எந்த ரகத்துடையவை என்று சொல்ல முடியாது, ஸ்ட்ரக்சர் அதைக் கலப்பு வம்சம் என்று காட்டும். உறையவைத்த மாதிரியிலிருந்து தட்டில் மறுபடி கோடிழுத்து, ஒற்றைக் காலனி எடுத்து, அதையே இன்னொரு தடவை தூய்மைப்படுத்துங்கள். 37 டிகிரி, 5 சதவீத ஆக்சிஜன், 10 சதவீத கார்பன் டை ஆக்சைடு, குதிரை ரத்தம் கலந்த கொலம்பியா அகார். மூன்றாம் நாளிலிருந்து பாருங்கள். ஏழு நாளைத் தாண்டினால் வளைந்த கோல்கள் உருண்டையாகிவிடும், மறுபடி வளர்க்க முடியாது.