ஃப்ளாட்டுக்கு எந்த நாய் ஒத்துவரும்?

வணக்கம். சென்னையில் மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், லிஃப்ட் கிடையாது. மகளுக்கு நாய் என்றால் உயிர். வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. எதை என்பதில்தான் குழப்பம்.

பக் வேண்டாம். சப்பை மூக்கு, மே மாத வெயிலில் மூச்சுவிடவே திணறும், பாவம். பீகிள் ஊளையிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தூக்கம் போய்விடும். சிப்பிப்பாறை ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஓடப் பிறந்ததை பால்கனியில் அடைக்க மனசு வரவில்லை.

நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாமா? நம்ம வெயில் அதற்குப் பழக்கம், முடியும் குட்டை. பகலில் மாமியார் வீட்டில் இருப்பார்; காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போவது என் பொறுப்பு.

ஃப்ளாட்டில் வளர்ப்பவர்கள் சொல்லுங்களேன்: குட்டியாக எடுப்பதா, வளர்ந்ததா? குட்டி என்றால், தடுப்பூசி முடியும்வரை வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போக எப்படிப் பழக்கினீர்கள்?