செல்லுலார் கம்யூனிகேட்டர்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஸ்காபரோவிலிருந்து:
வணக்கம். வீட்டு அலாரம் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், செல்லுலார் கம்யூனிகேட்டரில் மாட்டிக்கொண்டேன். அலாரப் பெட்டியோடு சேரும் சிறு கருவி இது. யாராவது கதவை உடைத்தால் செல்பேசிக் கோபுரம் வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தி போகும். முன்பு வீட்டுத் தொலைபேசிக் கம்பி செய்த வேலை. 'செல்பேசித் தொடர்பி' என்று எழுதி ஒரு மாமியிடம் காட்டினேன். "அப்ப என்ரை ஃபோனை வீட்டிலை வைச்சிட்டோ வெளியிலை போறது?" என்று கேட்டார்.

கோவையிலிருந்து:
'தொடர்பி' எனக்கும் உவப்பில்லை. உணர், உணரி என்று வினையடியில் இகரம் சேர்வதுதான் அழகு. அப்படிப் போனால் 'தொடரி'. அதை ரயிலுக்குக் கொடுத்தாயிற்று. 'அனுப்பி' என்றால் எச்சமாகிவிடும், எதை அனுப்பி என்று தேடுவார்கள். செல்லிடப்பேசி போல 'செல்லிட' என்று தொடங்கலாமே? குறள் 301 'செல்லிடத்துக் காப்பான்' என்கிறது. வீட்டுக் காவலுக்கு வேறென்ன வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, அந்தக் குறள் வெகுளாமை. அங்கே 'செல்லிடம்' என்றால் கோபம் பலிக்கிற இடம் என்று பொருள். நடுச்சாமத்தில் அலாரம் சும்மா அலறினால் அதுவும் பொருந்தும்தான்! இலங்கையில் கம்யூனிகேஷன் என்றால் தொடர்பாடல். ஆகவே 'தொடர்பாடி'.

கோவையிலிருந்து:
காட்பாடிக்கு அடுத்த ஸ்டேஷன் போல இருக்கிறது.

மிசிசாகாவிலிருந்து:
நான் இதைப் பொருத்துகிறவன். முதலில் நிலையத்தைக் கூப்பிட்டு, சோதனை நடக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ் வரக்கூடும். பிறகு அலாரப் பெட்டிக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியைப் பிடுங்கி, பேட்டரி வயரையும் கழற்ற வேண்டும். பல மாடல்கள், பெட்டியில் கீபேட் வயர்கள் போகும் அதே நான்கு முனைகளில் இணையும். பேஸ்மென்டில் சிக்னல் குறைந்தால் கருவியையோ ஆன்டெனாவையோ மேலே கொண்டுவர வேண்டும். கடைசியில் சோதனைச் செய்தி அனுப்பி, வந்ததா என்று நிலையத்திடமே கேட்க வேண்டும். பெயரில் 3ஜி, 4ஜி வேண்டாம். அமெரிக்காவில் 2022இல் 3ஜியை நிறுத்தியபோது, மாற்றாமல் விட்ட பழைய கருவிகள் ஊமையாகின. இதற்கென்று தனி சிம் உண்டு என்பது புரிந்தால் போதும். 'சிம் அறிவிப்பான்' என்று போடுங்கள்.

கோவையிலிருந்து:
சிம் தமிழா? அறிவிப்பான் என்றால் யார் அவன்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் ஆண்பிள்ளையோ?

ஸ்காபரோவிலிருந்து:
மாமிக்கு சிம் தெரிகிறது. பலரும் சரி என்பதால் 'சிம் அறிவிப்பான்' என்றே அனுப்புகிறேன். அடுத்தது டாம்பர் சுவிட்ச், பெட்டியைத் திறந்தால் காட்டிக்கொடுப்பது.

கோவையிலிருந்து:
என் மறுப்பு நிற்கட்டும். செல்லுக்குக் 'கலம்' என்று நான் கேட்காததே பேட்டரி மின்கலத்தோடு குழம்பும் என்றுதான். டாம்பருக்கு நாளை வருகிறேன்.