13 வயதுப் பூனைக்கு ஒரு துணை தேவை: வேலூர், காட்பாடி நண்பர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எங்கள் மீனாட்சிக்கு வயது 13. குட்டியிலிருந்து அவளோடு வளர்ந்த கருப்பன் சித்திரை மாதத்தில் இறந்துவிட்டான். அன்றிலிருந்து அறை அறையாகத் தேடுகிறாள், இரவெல்லாம் கத்துகிறாள். கேட்கவே மனம் பொறுக்கவில்லை. வயதான பூனை இப்படிக் கத்துவதற்குத் தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம்கூடக் காரணமாகலாம் என்பதால் எல்லாவற்றையும் பரிசோதித்துவிட்டோம். குறை ஒன்றும் இல்லை. தனிமைதான் என்கிறார் மருத்துவர்.

பலரும் அன்போடு குட்டி தர முன்வருகிறார்கள். ஆனால் ஓயாமல் மேலே பாய்ந்து விளையாடும் குட்டியை மூட்டுவலிக்காரியான இவள் தாங்கமாட்டாள். ஐந்து வயதைக் கடந்த, கருத்தடை செய்த, மற்ற பூனைகளோடு பழகிய சாதுவான பூனைதான் வேண்டும். வேலை மாற்றலாகிப் போகிறவர்கள், பூனையை யாரிடம் விடுவது என்று தவிப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்; அவர்களிடம் சொல்லுங்கள். தடுப்பூசி, லுகேமியா வைரஸ் (பூனைக்குப் பூனை தொற்றும் நோய்க்கிருமி) பரிசோதனைச் செலவு எங்களுடையது. முதல் இரண்டு வாரம் தனி அறையில் வைத்து, படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழக்கிய பிறகே இரண்டையும் சந்திக்க விடுவோம். ஒத்துப்போகாவிட்டாலும் தெருவில் விடமாட்டோம், மாடியில் தனியாக வளர்ப்போம்.

ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்றாலும் நேரில் வந்து அழைத்துக்கொள்கிறோம். வயதான பூனையோடு புதிய பூனையைப் பழக்கிய அனுபவம் உள்ளவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.