வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் நிவாரணம் அனுப்பினால் போதுமா, இங்கே வந்து பாடம் எடுக்கவும் வேண்டுமா?

கெடிலக்கரையான் (கடலூர், இப்போது தோஹா):
2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரக் கிராமங்கள் முழுகின. எங்கள் பொறியியல் கல்லூரி பழைய மாணவர் குழுவில் வழக்கம்போலப் பணம் சேர்த்தோம். ஒரு பாதி மிச்சம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதில்தான் சண்டை.

என் கட்சி இது: சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் கட்டிக் கொடுத்த குடியிருப்புகளைச் சிவில் மாணவர்கள் வீடு வீடாகப் பரிசோதிக்கட்டும். அதற்கான கருவிகளை நாம் வாங்கிக் கொடுப்போம். வெளிநாட்டில் இதே வேலை பார்க்கிறவர்கள் பருவம் முழுக்க வகுப்பும் எடுக்கட்டும். 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், இப்போது இது. ஒவ்வொரு தடவையும் பாய், போர்வை, அரிசி. உடைந்த வீட்டை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காமல் இங்கே பையன் சிவில் பட்டம் வாங்கிவிடுகிறான். இதை மாற்றியே ஆகணும். எதிர்ப்பவர்கள் வாங்க.

முதுநகர்_துறைமுகத்தான்:
நான் எதிர்க்கிறேன். இடுப்பளவு தண்ணியில் நின்றவனுக்கு வந்த காசை எடுத்துக் கல்லூரிக்குக் கருவி வாங்குவதா? கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவர்களைக் கேட்டீர்களா? வீட்டைப் பரிசோதிப்பது அரசாங்கத்தின் வேலை. நீங்கள் அதைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டால் அதிகாரி நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார். அதுவும் போக, வேலையே கிடைக்காத மாணவனை 'அனுபவம்' என்று சொல்லிச் சம்பளமில்லாமல் வெயிலில் அலையவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சோத்திக்குப்பம்_ஃபைபர்:
அண்ணே, யாரும் எங்கள ஒரு வார்த்த கேக்கலயே. சுனாமிக்கு அப்புறம் படகு மேல படகா வந்துச்சு. கட்டுமரத்துல போனவன் எல்லாம் ஃபைபர் படகுக்கு மாறினான், செலவு ஏறிப் போச்சு, இருக்கிற மீனுக்குப் போட்டி கூடிப் போச்சு. மீன் விக்கிற பொம்பளைங்களுக்கு ஐஸ் பெட்டி வேணும்னு கேட்டப்ப ஆள் இல்ல. கொடுத்தவங்க மனசு நல்ல மனசுதான், அத நான் குறை சொல்லல. ஆனா இப்ப நீங்க கருவியோட வர்றதும் அதே மாதிரிதான் தெரியுது. முதல்ல ஊர்ப் பஞ்சாயத்துல வந்து உக்காருங்க.

கெடிலக்கரையான்:
ஃபைபர் அண்ணன் சொல்வது நியாயம். பஞ்சாயத்தார் கூப்பிடாமல் ஒருத்தரும் வரமாட்டோம். துறைமுகத்தாருக்கு: அவசர உதவிக்கு வந்த பணம் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது. இது மிச்சம். கொடுத்தவர்களிடம் மறுபடி கேட்டுத்தான் செய்வோம். அரசாங்கம் செய்யட்டும் என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் எந்தத் தெருவில் எந்த வீடு ஆபத்து என்று கையில் காகிதம் இருந்தால்தானே மனுநீதி நாளில் போய்க் கேட்க முடியும்?

புதுவை_பாரிஸ்:
நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்; அவர் பென்ஷனில் குடும்பம் வளர்ந்தது. ஒரு சட்டச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. என்னைப் போலக் குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும். வாங்குகிற அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வாங்கிய அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. புதுச்சேரியில் எத்தனையோ குடும்பங்கள் எங்களைப் போலத்தான். காசு அனுப்ப வழி குறுகிவிட்டது, ஆனால் படித்த படிப்பைச் சொல்லிக்கொடுக்க மனசு கிடந்து துடிக்கிறது. நான் பாலங்களின் கான்கிரீட்டை ஆய்வு செய்கிறவள். ஒரு ஸ்கிரீன் முன்னால் உட்காரவைத்தால் போதும்.

முதுநகர்_துறைமுகத்தான்:
ஸ்கிரீனில் பேசுவது பாடம் இல்லை அம்மா. ஐரோப்பாக் குளிரில் பார்த்த கான்கிரீட் வேறு, நம்ம உப்புக்காத்து வேறு. வந்து போகும் பேராசிரியர்களுக்கு 2015-லேயே 'கியான்' திட்டம் வந்தது. அதனால் கடலூர்ச் சிவில் மாணவனுக்கு என்ன கிடைத்தது?

புதுவை_பாரிஸ்:
உப்பு எங்கேயும் உப்புதான் ஐயா. பிரெஞ்சுக் கடலோரத்திலும் கம்பி துருப்பிடிக்கிறது. 'கியான்' வெளிநாட்டுப் பேராசிரியர்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம். தோஹாவில் தளம் போடுகிற இன்ஜினியருக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் 15 வருட அனுபவம் இருந்தால், முனைவர் பட்டம் இல்லாதவரையும் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' (தொழில் அனுபவத்தால் வரும் பேராசிரியர்) என்று அமர்த்த யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வழி திறந்தது. கல்லூரிகள்தான் கேட்பதில்லை.

சிவில்_மூன்றாமாண்டு:
நான் மாணவன், எனக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் இல்லை என்று எனக்காக வருத்தப்படும் அண்ணனுக்கு நன்றி. ஆனால் எனக்கு இந்த வேலை வேணும். போன விடுமுறையில் பெரியம்மா வீட்டுக் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். சில இடத்தில் கணீர்னு கேட்டது, ஃபேன் கொக்கியைச் சுற்றி மட்டும் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம். விரலால் தள்ளியதும் உள்ளங்கை அளவு காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி இலை இலையாக உரிகிறது. அதற்கு நேர் கீழேதான் பாட்டி படுக்கிறார். பினாப்தலீன் என்ற நிறம் காட்டும் கரைசலைத் தெளித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நிறம் மாறினால் நல்ல கான்கிரீட்தானே?

புதுவை_பாரிஸ்:
தம்பி, முதலில் பாட்டியின் கட்டிலை அங்கிருந்து நகர்த்து. இன்றைக்கே. அப்புறம் கேள்: ரோஸ் நிறம் வந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு அதுவரை கான்கிரீட்டைக் கெடுக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உப்பு இறங்கியதை அது காட்டாது. அதற்குச் சில்வர் நைட்ரேட் தெளிக்கணும். குளோரைடு போதுமான அளவு இருந்தால் வெள்ளையாகப் படியும். எவ்வளவு இருக்கிறது என்று தெரியணும் என்றால் துளைபோட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கணும். உள்ளே கம்பி துருப்பிடிக்க வாய்ப்பு எவ்வளவு என்பதற்கு ஹாஃப்செல் மீட்டர். இதெல்லாம் வகுப்பில் வரவில்லையா?

சிவில்_மூன்றாமாண்டு:
புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கு அக்கா. மீட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

பாகூர்_மேஸ்திரி:
பையன்களுக்குச் சொல்லிக் குடுங்க, வேண்டாங்கல. ஆனா வீட்டக் கட்டுறது யாரு? நாங்க. கடலோரக் கான்கிரீட்டுக்கு எம்30 தரக் கலவை, கம்பிய மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட், அதான் கவர், இருக்கணும்னு ஐ.எஸ். 456ங்கிற இந்தியத் தர நிர்ணயம் சொல்லுதுன்னு ஒரு இன்ஜினியர் எங்கிட்டச் சொன்னப்ப நான் வேலைக்கு வந்து பாதி வயசு போயிருச்சு. சைட்டுல ஜல்லிச் சில்ல கம்பிக்கு அடில சொருகுவாங்க. கொத்தனார் ஏறி மிதிச்சதும் கம்பி கான்கிரீட்டத் தாங்குற செண்ட்ரிங் தகட்டுல போய்ப் படுத்துக்கும். கரிக்கிற போர் தண்ணியிலயே கலவை. கம்பியத் தூக்கி நிறுத்துற கவர் பிளாக் கட்டை என்ன விலை? ஒண்ணுமே இல்ல. காண்ட்ராக்டர் வாங்கல, கேக்க ஆளும் இல்ல. ஓட்டையப் புதுசா பூசிட்டுப் போறதுக்குத்தான் எங்களக் கூப்புடுறாங்க. துருவ எடுக்காம மேல பூசினா ரெண்டு மழை தாங்காது. உங்க வகுப்புல மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் நாள் கூலி போட்டு உக்கார வைங்க. இல்லன்னா எந்த மீட்டர் வந்தும் பிரயோஜனம் இல்ல.

கெடிலக்கரையான்:
மேஸ்திரி அண்ணே, மிச்சப் பணத்தில் முதல் செலவு நீங்க சொன்ன கூலிதான். மாணவருக்கும் படி உண்டு. நான் இங்கே கத்தாரில் கொட்டுகிற தளத்துக்கு முன்னால் கவர் அளந்து கையெழுத்துப் போடாமல் லாரி உள்ளே வராது. ஊரிலும் அது நடக்கணும் என்பதுதான் என் ஆசை.

முதுநகர்_துறைமுகத்தான்:
கூலி விஷயம் சரி. ஆனாலும் என் எதிர்ப்பு போகவில்லை. இந்த வீடு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அந்தக் குடும்பம் எங்கே போகும்? சிவப்புக் குறி போட்ட வீட்டைக் காட்டி, மொத்தக் குப்பத்தையும் கடலை விட்டுத் தூரத்தில் கொண்டுபோய்க் குடிவைக்க யாராவது கிளம்பினால்? சுனாமிக்குப் பிறகு அந்தப் பேச்சு அடிபட்டதை மறந்துவிடாதீர்கள். கணக்கெடுப்பு யார் கையில் இருக்கும் என்பதை முதலில் எழுத்தில் சொல்லுங்கள்.

சோத்திக்குப்பம்_ஃபைபர்:
இதத்தான் நானும் நினைச்சேன். மாசி மகம் முடிஞ்சதும் பஞ்சாயத்து கூடும், நான் எடுத்துச் சொல்றேன். மூணு விஷயம் அங்க வைப்பேன். ரிப்போர்ட் தமிழ்ல இருக்கணும். வீட்டுக்காரன் கையில ஒண்ணு, பஞ்சாயத்துல ஒண்ணு, எங்களக் கேக்காம வேற யாருக்கும் போகக் கூடாது. ரிப்பேர் பண்ண முடியுற வீட்டுக்கு மேஸ்திரிய அனுப்பிட்டுத்தான் அடுத்த வீட்டத் தட்டணும். ஒத்துக்கிட்டா வாங்க, தம்பியோட பெரியம்மா வீட்டுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.